சும்மா இருந்த கை

கோகிலவாணி பொத்தானை அழுத்தினாள். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, உள்ளே யாரும் இல்லை. அப்படியும் ஏறாமல் மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணி ஒன்பது பத்து. லிஃப்டில் போனால் நாலாவது மாடி அரை நிமிஷத்தில் வந்துவிடும், படியில் போனால் வேண்டிய மட்டும் தாமதிக்கலாம், நடு நடுவே நின்று மூச்சு வாங்குகிற மாதிரி நடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். ஒன்பது இருபத்தைந்துக்கு ஊசி போட வேண்டும். சர்க்கரைக்கு ரத்தம் எடுப்பதில் இது ஒரு ரோதனை. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு தடவை எடுக்க வேண்டும், அப்புறம் நோயாளி சாப்பிட ஆரம்பித்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும். ஒரே வாசற்படியை ஒரே காலையில் இரண்டு தரம் மிதித்தாக வேண்டும். பதினோரு வருஷமாக மிதிக்கிறாள். கோயம்புத்தூரில் எந்தத் தெருவில் எந்த நாய் கடிக்கும், எந்த வீட்டுப் பாட்டிக்கு நரம்பு கிடைக்காது, எந்த வாத்தியார் ஊசியைப் பார்த்தால் மயங்கி விழுவார் என்று அவளுக்கு மனப்பாடம். இந்த வீட்டுக்கு இன்றைக்குத்தான் புதிதாக வந்தாள். காலை ஏழு மணிக்கு லிஃப்டில்தான் போனாள், பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள், என்ன பாட்டு என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. வலது கை அங்கியின் பைக்குள் போய் அந்தச் சிவப்புக் குப்பியைத் தொட்டது. இருந்தது. ஒரு படி ஏறினாள். மறுபடி தொட்டாள். அது எங்கே போய்விடப் போகிறது, பைக்குள் போட்டதே அவள்தான், வண்டியை நிறுத்திவிட்டு ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் போட்டாள். காலையில் அது பெரிய பையின் வெளி ஜிப்புக்குள் இருந்தது. பெரிய பையை வாசலிலேயே, செருப்புக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும், தட்டை மட்டும்தான் உள்ளே எடுத்துப் போக வேண்டும், அதுதான் முறை. நோயாளியின் கட்டிலில், சோபாவில் பையை வைக்கக் கூடாது. கிருமி. முறை தெரிந்தவள் அவள், முறைப்படி குப்பியை வாசலில் விட்டுவிட்டு முறைப்படி உள்ளே போனாள்.

முதல் மாடி. திருப்பத்தில் யாருடைய சைக்கிளோ சாத்தி வைத்திருந்தது. சென்னியப்பன், அறுபத்தொன்று, ஆண். பதிவுச் சீட்டில் அவ்வளவுதான் இருந்தது. கூட்டுறவுத் துறையில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம், அதை அவர்தான் சொன்னார், அவள் கேட்கவில்லை. “வீட்டுக்காரி பெருமாள் கோயிலுக்குப் போயிருக்கா, சனிக்கிழமையில்ல. நீ வா அம்மிணி,” என்று சொல்லிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஏசி போட்டிருக்கிறது, காற்று வெளியே போய்விடும் என்றார். ஏசி போட்டிருந்தது, பொய் இல்லை. அம்மிணி என்று கூப்பிட்டார், அதிலும் தப்பு இல்லை, இந்த ஊரில் பெரியவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அவள் அப்பா சாகிற வரைக்கும் அவளை அம்மிணி என்றுதான் கூப்பிட்டார். அப்போ எதில் தப்பு, எந்த இடத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும், தாழ்ப்பாள் சத்தம் கேட்டபோதா, அவர் சோபாவில் தன் பக்கத்திலேயே தட்டிக் காட்டி “இங்கயே உக்காந்துக்க” என்றபோதா? எத்தனையோ பேர் அப்படித் தட்டிக் காட்டுகிறார்கள், அதில் பாதிப் பேர் பாவம், கை எட்டாது என்று இடம் ஒதுக்குகிறவர்கள். உட்கார்ந்தாள். வலது முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டினாள், நரம்பைத் தட்டினாள், நல்ல நரம்பு, கயிறு மாதிரி. ஊசி போனது. முதல் டியூப் நிறைய ஆரம்பித்தது. அவருடைய இடது கை வந்தது. டிவியில் யாரோ பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள், சென்னியப்பன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “போன தடவை நூத்தி எம்பது இருந்துச்சு அம்மிணி, இனிப்பு தொடறதே இல்ல,” என்றார். அந்தக் கை அவள் முழங்காலில் உட்கார்ந்தது, கொஞ்ச நேரம் இருந்தது, பிறகு மேலே வந்தது. ஜவுளிக் கடையில் துணியைத் தடவித் தரம் பார்க்கிற மாதிரி, அவசரமே இல்லாமல் வந்தது.

மூன்று டியூப். மூன்றும் நிறைய நாற்பது விநாடி ஆகும், நரம்பு நன்றாக இருந்தால். அவருக்கு நன்றாக இருந்தது. நாற்பது விநாடியும் அவள் வலது கை ஊசியைப் பிடித்திருந்தது, இடது கை டியூப்பை மாற்றிக்கொண்டிருந்தது. அவருடைய வலது கை ஊசியோடு அவள் பொறுப்பில் இருந்தது. அந்த அறையில் சும்மா இருந்தது ஒரே ஒரு கைதான். அது தெரிந்தேதான் வந்திருக்கிறது, அந்த நாற்பது விநாடிக்காகத்தான் காத்திருந்திருக்கிறது, இதை நினைத்ததும் கோகிலவாணி படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். உதறியிருக்கலாம். உதறினால் ஊசி நரம்பைக் கிழிக்கும். லேப் கம்பெனி மேலாளர் சதாசிவம் சார் பயிற்சியில் முதல் நாளே சொன்னார், “ஊசி உள்ள இருக்கறப்ப பூமியே ஆடுனாலும் உங்க கை ஆடக் கூடாதுங்க.” ஆடவில்லை சார். பதினோரு வருஷப் பழக்கம், ஒரு சொட்டு சிந்தவில்லை, மஞ்சள் மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி, வரிசை மாறவில்லை. பட்டையை அவிழ்த்தாள், பஞ்சை வைத்தாள், ஊசியை எடுத்தாள். அப்போதுதான் அந்தக் கை தானாகத் திரும்பிப் போய்த் தன் மடியில் உட்கார்ந்துகொண்டது, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி. அதுகூடப் போகட்டும். அதற்கு அப்புறம் அவள் வாய் சொன்னதுதான் இரண்டு மணி நேரமாக அவளைத் தின்கிறது. “கையை மடக்கி வெச்சுக்குங்க சார். சாப்பிட ஆரம்பிச்ச நேரத்தைப் போன்ல சொல்லுங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்றனுங்க.” வர்றனுங்க! அவளே சொன்னாள், நம்பரையும் அவளே கொடுத்தாள், நம்பர் கொடுக்காமல் இந்த வேலை நடக்காது. ஏழு இருபத்தைந்துக்குச் செய்தி வந்தது. “சாப்பிட ஆரம்பிச்சாச்சு. சீக்கிரம் வா.”

இரண்டாவது மாடியில் யாரோ மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்கள். நெடி படியெல்லாம் இறங்கி வந்து அவள் தொண்டையைப் பிடித்தது. இருமினாள். இருமல் நின்றதும் சிரிப்பு வரப் பார்த்தது, இந்த நேரத்திலா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மகளிர் தினத்துக்குக் கம்பெனியில் ஆளுக்கொரு பெப்பர் ஸ்ப்ரே கொடுத்தார்கள், ரோஜாப் பூ ஒன்று, கேக் ஒரு துண்டு, ஸ்ப்ரே ஒன்று. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனதும் நந்தகுமாருக்கு, அவள் வீட்டுக்காரருக்கு, சும்மா இருக்க முடியவில்லை. லேத் பட்டறையில் வேலை செய்கிற மனுஷன், எதைக் கொடுத்தாலும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். சமையலறையில் ஒரு கரப்பான் பூச்சி அகப்பட்டது. மூடியைத் திருகி ஒரே அழுத்து. அடுத்த நிமிஷம் அவர், அவள், மகள் மூன்று பேரும் தெருவில் நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள், எதிர்வீட்டுக்காரர்கள் கேஸ் லீக் என்று நினைத்து ஓடி வந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனால் கரப்பான் பூச்சி மீசையை ஆட்டிக்கொண்டு அடுப்பு மேடையில் உலாத்துகிறது. “சாமானம் நல்லாத்தான் இருக்குது,” என்றார் நந்தகுமார், கண் இரண்டும் கோவைப்பழம். எவ்வளவு அடித்தார் அன்றைக்கு? பாதியா, முக்காலா? குப்பியை வெளியே எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லை. இதில் சத்தம் வருமா, வராதா, அதுவும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதோடு வந்த தாளில் போட்டிருந்ததுதான். கை நீட்டும் தூரத்தில் நிற்கவும், முகத்தைப் பார்த்து அடிக்கவும், காற்றுக்கு எதிரே நிற்காதீர்கள், மூடிய அறைக்குள் வேண்டாம். மூடிய அறைக்குள் வேண்டாமாம்! பின்னே மைதானத்திலா அவள் ரத்தம் எடுக்கிறாள்? கிளவுஸ் போட்டுக்கொண்டு மூடியைத் திருகிப் பார்த்தாள், வழுக்கியது. கழற்றிவிட்டுத் திருகினாள், திரும்பியது. சரி, கிளவுஸ் இல்லாமல் அடிக்கலாம், ஆனால் கிளவுஸ் இல்லாமல் ஊசி போட முடியாது. வலது பையில் வைத்தால் வலது கையில் ஊசி. இடது பையில் வைத்தால் இடது கையில் டியூப். வாயில் கவ்விக்கொள்ளட்டுமா? இந்தக் குப்பியைச் செய்தவனுக்கு இரண்டு கையும் எப்போதும் சும்மா இருந்திருக்கும்.

மூன்றாவது மாடிக்குப் போகிற படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது பதினாறு. போகாமல் இருந்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அவர் போன் போடுவார். அவளுக்கு இல்லை, கம்பெனிக்கு. உங்க பொண்ணு வரவே இல்ல, நான் காத்துக் கெடக்கறேன், எல்லாம் மறுபடி எடுக்கோணும். சதாசிவம் சார் அவளைக் கூப்பிடுவார், கெட்டவர் இல்லை, ஆனால் கேட்பார், எதுக்குங்க போகல? அவள் சொல்ல வேண்டும். தொடையில கை வெச்சாருங்க சார். அந்த வார்த்தையை அவளால் அவரிடம் சொல்ல முடியுமா? காலு என்று சொல்லலாம். கால் என்றால் பாதம் என்று எடுத்துக்கொள்வார், கால் இடிச்சிருக்குமுங்க என்பார். ஸ்ப்ரே குடுத்திருந்தமே, ஏன் அடிக்கல என்பார். கையெழுத்து இருக்கிறது. அடிக்காதவரைக்கும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதானே அர்த்தம், அடித்துவிட்டால் வாடிக்கையாளர் கண்ணில் அடித்தவள். கூட வேலை பார்க்கிற பிரேமலதா போன வருஷம் இப்படி ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னாள். எல்லாரும் அனுசரணையாகத்தான் பேசினார்கள், உனக்கு எதுக்கும்மா வெளி வேலை என்று உள்ளே உட்கார வைத்தார்கள். இன்றைக்கு வரைக்கும் ஜன்னல் இல்லாத அறையில் டியூப்புக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறாள். தொட்டவருக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் வீட்டுக்கு இப்போது ஓர் ஆண் பிள்ளை போகிறான். கோகிலவாணிக்கு வெளியே சுற்றுகிற இந்த வேலை பிடிக்கும், உயிர். விடிகாலைக் காற்றில் வண்டி ஓட்டப் பிடிக்கும், ஊசியே தெரியலையே கண்ணு என்று கிழவிகள் சொல்லும்போது பிடிக்கும். அந்த நாற்பது விநாடிக்காக இதை விட்டுக்கொடுக்க வேண்டுமா? கீழே வண்டிப் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் அவருடைய மூன்று டியூப்பும் இருக்கிறது. இரண்டு மணி நேரமாக, வேறு நாலு வீட்டுக்குப் போனபோதும், அந்த ரத்தம் அவள் முதுகுக்குப் பின்னாலேயே சவாரி செய்தது. கீழே போட்டு உடைத்துவிடலாம் என்று ஒரு சிக்னலில் நினைத்தாள். கை தவறிடுச்சுங்க. பதினோரு வருஷத்தில் ஒன்றுகூட உடைத்தவள் இல்லை. உடைத்தால் மறுபடி வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், மறுபடி தாழ்ப்பாள், மறுபடி நாற்பது விநாடி. யோசனை எந்தப் பக்கம் போனாலும் சுற்றிக்கொண்டு அந்தச் சோபாவிலேயே கொண்டுவந்து உட்கார வைத்தது.

நந்தகுமாரிடம் சொன்னால்? பட்டறையிலிருந்து அப்படியே எண்ணெய்க் கையோடு கிளம்பி வருவார், ஸ்பானரோடு வருவார். அடிப்பார். அப்புறம் போலீஸ், அப்புறம், நீ இனிமே போக வேண்டாம் என்பார். எல்லா வழியும் அந்த ஜன்னல் இல்லாத அறைக்குத்தான் போகிறது போலிருந்தது. இல்லாவிட்டால் பேசாமல் போகலாம். ஒரே ஒரு டியூப், சாம்பல் மூடி, பதினைந்து விநாடி. பதினைந்து விநாடி பல்லைக் கடித்துக்கொள்ள முடியாதா? முடியும் என்று ஒரு மனசு சொன்னது, அந்த மனசை அறைய வேண்டும் போல இருந்தது. முடியும்தான். அதுதான் பயம். அவரைக் கண்டு இருந்த பயத்தைவிட, ஊசி உள்ளே போனதும் தன் கை மறுபடியும் அவ்வளவு நிதானமாக வேலை பார்க்கும் என்பதை நினைத்துத்தான் அவள் அதிகம் பயந்தாள். இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர் பதிவு செய்வார், அதே பொண்ணை அனுப்புங்க, ஊசியே தெரியல என்பார். ஒன்பது இருபது. எழுந்தாள். பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டாள். காலையில் அந்த வீட்டை விட்டு வெளியே வந்ததும் செருப்பு மாட்டுகிறபோது எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது, ஓர் அம்மாள் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அவளைப் பார்த்துச் சிரித்தாள். ஏன் இது இப்போது ஞாபகம் வருகிறது? வெங்காயம். வாசல். அகலமான நடை, வெளிச்சம், காற்று, அந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். ரத்தம் எடுக்க என்ன வேண்டும்? ஒரு கை வேண்டும், வெளிச்சம் வேண்டும், உட்கார ஓர் இடம் வேண்டும். சோபா வேண்டும் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொன்னதில்லை.

நாலாவது மாடி. எதிர்வீட்டுக் கதவு இப்போதும் திறந்துதான் இருந்தது, உள்ளே மிக்சி ஓடியது. கோகிலவாணி மணியை அழுத்தினாள். தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் வந்தது, கை தானாகப் பைக்குள் போய்க் குப்பியைப் பிடித்துக்கொண்டது.

திறந்தது ஓர் அம்மாள். ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு இருக்கும், நெற்றியில் திருமண், தலையில் துளசி. கோயிலிலிருந்து வந்த வீட்டுக்காரி. “வாங்க அம்மிணி, காலையில வந்த புள்ள நீங்கதானுங்களா? நான் ரத்தினாம்பாள். உள்ள வாங்க, அவரு உக்காந்துட்டாரு.” அவள் தோளுக்குப் பின்னால் அதே சோபா, அதே பிரசங்கம், பனியன் போட்ட சென்னியப்பன். வலது கையைத் தயாராக மெத்தை மேல் நீட்டி வைத்திருந்தார். இடது கை மடியில் இருந்தது. இனி என்ன, வீட்டுக்காரிதான் இருக்கிறாளே, பேசாமல் போய் எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கால் ஒரு அடி எடுத்து வைத்தது. “ஒரு டம்ளர் காப்பி போட்டுக் குடு போ, பாவம் அலையுது புள்ள,” என்றார் சென்னியப்பன் மனைவியிடம், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல். அந்த அம்மாள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். எடுத்து வைத்த காலை கோகிலவாணி பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“காப்பி வேண்டாமுங்கம்மா. ஒரு சேர் மட்டும் எடுத்து இங்க வெளிய போடுங்க. நான் இங்கதான் எடுப்பனுங்க.”

“வெளியவா? ஏன், உள்ள என்ன கேடு?” என்றார் சென்னியப்பன்.

குரல் வராது என்று நினைத்தாள். வந்தது, அவளுக்கே அந்நியமாக, நடைமுழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது. “காலையில ஊசி உள்ள இருக்கறப்ப உங்க இடது கை எங்கிட்ட எங்க இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியுமுங்க சார். இப்ப அது எங்க இருக்குதுன்னு நாலு பேரு பார்க்கோணும்.” சொல்லிக்கொண்டே பைக்குள்ளிருந்து சிவப்புக் குப்பியை எடுத்துத் தட்டில், பஞ்சுக்கும் டியூப்புக்கும் நடுவில் நிற்க வைத்தாள். எதிர்வீட்டில் மிக்சி நின்றது.

“என்ன பேசறே? யாருகிட்டப் பேசறே? உங்க கம்பெனிக்கு இப்பவே போன் போடறேன் பாரு!” அவர் எழுந்தே விட்டார். கோகிலவாணி மனைவியைப் பார்த்தாள். அந்த முகம் கோபப்படும், அல்லது அழும், என்ன சொல்றே நீ என்று அதட்டும் என்று காத்திருந்தாள். ரத்தினாம்பாள் கணவரைக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே போட்டாள், போய் இன்னொன்று எடுத்து வந்து அதற்கு இடது பக்கத்தில் போட்டாள். “உக்காருங்க,” என்றாள். கணவர் முறைத்தார். “நேரமாச்சு, வந்து உக்காருங்க,” என்றாள் மறுபடியும், அதே குரலில்.

எதிர்வீட்டு அம்மாள் வாசலுக்கு வந்து நின்றாள். சென்னியப்பன் வந்து உட்கார்ந்தார். ரத்தினாம்பாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைக்குத் தடுப்பூசி போடும்போது பிடிக்கிற பிடி. கோகிலவாணி பட்டையைக் கட்டினாள், ஊசியை எடுத்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கை ஆடியது. கயிறு மாதிரி நரம்பு, அதைத் தவறவிட்டாள். எடுத்து மறுபடி குத்த வேண்டியிருந்தது. “ஆ!” என்றார் அவர். மன்னிச்சுக்குங்க சார் என்று எப்போதும் சொல்கிறவள், இன்றைக்குச் சொல்லவில்லை. டியூப் நிறைந்தது. நேரம் ஒன்பது இருபத்தாறு என்று எழுதினாள். அவர் பஞ்சைப் பிடித்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உள்ளே போனார், பிரசங்கத்தின் சத்தம் கூடியது.

லிஃப்ட் வரைக்கும் ரத்தினாம்பாள் கூடவே வந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்து கோகிலவாணிக்குக் கூச்சமாக இருந்தது. அந்த அம்மாள் தட்டில் இருந்த குப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது எங்க அம்மிணி கெடைக்கும்?”

“மருந்துக் கடையிலயே கெடைக்குமுங்கம்மா. உங்களுக்குங்களா?”

“வீட்டு வேலைக்கு ஒரு புள்ள வருது, திங்கக்கிழமையிலிருந்து.” லிஃப்ட் வந்து கதவு திறந்தது, இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “இந்த வருஷத்துல இது நாலாவது புள்ள. நான் கோயிலுக்குப் போறதுக்கு முந்தி அது கையில குடுத்துட்டுப் போலாமுன்னு.” சொல்லிவிட்டுக் குப்பியை மறுபடி பார்த்தாள். “இல்ல, நானே வெச்சுக்கறேன்.”

கோகிலவாணி குப்பியை எடுத்து அவள் கையில் வைத்தாள், மூடியை எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று காட்டினாள். பாதிக்கு மேல் இருக்காது என்பதைச் சொன்னாள். பிறகு மனசு கேட்காமல், “மூடுன வீட்டுக்குள்ள அடிச்சா அடிக்கறவங்க கண்ணும் சேர்ந்து எரியுமுங்கம்மா,” என்றாள்.

“எரியட்டும் அம்மிணி,” என்றாள் ரத்தினாம்பாள். குப்பியை இடுப்பில், சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.